ஐந்து ஊழியழிவுகளும் ஆறாவதும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



'ஊழி' என்பது நம் சொல். நெடுங்காலத்தையும் அது குறிக்கும். அந்நெடுங்காலத்தின் இறுதியில் நேரும் பேரழிவையும் அது குறிக்கும். விசும்பு, வளி, தீ, நீர், நிலம் என ஊழிகள் அடுத்தடுத்து எண்ணப்படுவதைப் பரிபாடல் கற்றோர் அறிவர். ஆயினும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். இற்றை அறிவியல் கண்டவற்றையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று வெற்றுப்பெருமை பேச நான் இங்கு வந்து நிற்கவில்லை. சொல் நம்முடையது, அச்சொல்லுக்கு ஏற்ற பொருளைக் கற்பாறைகளில் படித்துக் காட்டியவர்கள் பல நாட்டு ஆய்வாளர்கள். அவர்கள் கண்டதை நம் மக்களுக்கு நம் மொழியிலேயே விளங்கச் சொல்லுதல் நம் கடன். அக்கடனில் ஒரு சிறு பகுதியை இன்று தீர்க்க முயல்கின்றேன்.

இன்னொரு கரணியமும் உண்டு. அழிவைப் பற்றிப் பேச்செழுந்தால், "எல்லாம் ஊழ், ஆவது ஆகும்" என்று கைவிரிப்போர் நம்மிடையே மிகப்பலர். ஊழ் என்று சொல்லி ஒதுங்குதல் எளிது. ஆனால் ஞாலத்தில் நேர்ந்த ஊழியழிவு ஒவ்வொன்றுக்கும் கரணியம் உண்டு. அக்கரணியம் தேடுவார்க்குத் தென்படவும் செய்கின்றது. கரணியம் அறிந்தபின் கைவிரிப்பது அறமாகாது. இதுவே என் உரையின் உட்பொருள்.

அழிவே இல்லை என்றிருந்த காலம்

ஓர் உயிரினம் அடியோடு அற்றுப்போகும் என்பதையே இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் அறிஞர் பலர் ஏற்கவில்லை. படைக்கப்பட்டது எதுவும் தொலையாது என்பது அவர்தம் நம்பிக்கை. மண்ணுள் மாபெரும் எலும்புகள் கிடைத்தால், அவ்விலங்கு இன்னும் கால்படாத காடுகளில் எங்கேனும் உலவிக்கொண்டிருக்கும் என்றனர். அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்த தாமசு செபர்சனும் 'மம்மது' என்னும் பழம்பெரு யானை மேற்குப் பகுதிகளில் உயிரோடிருக்கக்கூடும் என நம்பினார்.

இந்நம்பிக்கையை உடைத்தவர் பிரெஞ்சு நாட்டறிஞர் குவியே. 1796ஆம் ஆண்டு பாரிசு நகரில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு அகவை இருபத்தாறு. இந்திய யானையின் தாடையையும் பல்லையும் ஆப்பிரிக்க யானையின் தாடை, பல்லோடு ஒப்பிட்டு, இரண்டும் வெவ்வேறினம் என நாட்டினார். பின்னர், சைபீரியாவில் கிடைத்த மம்மதின் எலும்புகள் இவ்விரண்டோடும் பொருந்தாமையைக் காட்டினார். அது மூன்றாவதோர் இனம். இன்று எங்கும் இல்லாத இனம். இவ்வளவு பெரிய விலங்கு மாந்தர் கண்ணுக்கு மறைந்து வாழ்தல் இயலாது ஆகலின், அது அற்றுப்போயிற்று என்று துணிந்துரைத்தார். ஞாலத்தில் பல முறை பெருங்குலைவுகள் நேர்ந்தன என்பதும் அவர் கொள்கை.

ஆயின் அதன்பின் வந்த பிரித்தானிய நிலநூலறிஞர் இலயல், 1830ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட தம் நூலில், மலையும் கடலும் சிறிது சிறிதாகவே மாறுகின்றன என்றார். 1859ஆம் ஆண்டு தம் பெருநூலை வெளியிட்ட தார்வினும் அவ்வழியே சென்றார். பாறை அடுக்குகளில் உயிரினங்கள் திடுமென மறைவதாகத் தோன்றுவது, ஏட்டில் சில இதழ்கள் கிழிந்திருப்பதால் ஏற்படும் மயக்கமே என்று அவர்கள் கருதினர். நூறாண்டுக்கு மேலாக இக்கருத்தே கோலோச்சியது. பேரழிவு என்று பேசியவரைக் கதை சொல்பவராகவே கற்றோர் கருதினர்.

கல்லேடு காட்டும் ஐந்து

பாறை அடுக்கு என்பது என்ன? கடலடியில் மணலும் சேறும் ஓடுகளும் ஆண்டுதோறும் படிந்து படிந்து இறுகியதே அது. கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது. ஒவ்வோர் அடுக்கிலும் அவ்வக் காலத்து உயிர்களின் எச்சங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இயல்பான காலத்திலும் இனங்கள் ஒன்றிரண்டாக மறைந்துகொண்டேதான் இருக்கும். இதுவரை ஞாலத்தில் தோன்றிய இனங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இன்றில்லை என்பர். அஃது இயல்பான தேய்வு. ஆனால் சில அடுக்குகளில் மட்டும், கீழே திரளாகக் கிடந்த உயிர்கள் மேலே அறவே இல்லை.

1982ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்களான இராப்பும் செப்கோசுக்கியும் கடல்வாழ் உயிர்க்குடும்பங்கள் தோன்றி மறைந்த காலங்களைத் தொகுத்துக் கணக்கிட்டனர். இயல்பான தேய்வைவிடப் பன்மடங்கு மிகுந்த ஐந்து அழிவுகள் அக்கணக்கில் தனித்து நின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, ஆர்டோவீசிய ஊழியின் இறுதியில், ஏறத்தாழ 44.5 கோடி ஆண்டுகட்கு முன் நேர்ந்தது. அன்று உயிர்கள் பெரும்பாலும் கடலிலேயே இருந்தன. தென்முனையை ஒட்டிக் கிடந்த பெருநிலத்தில் உறைபனி பரவியது. இன்று மணல் கொதிக்கும் சகாராவின் பாறைகளில் அப்பனியாறுகள் கீறிய வடுக்கள் இன்றும் உள. நீர் பனியாக உறைந்தமையின் கடல்மட்டம் தாழ்ந்தது. உயிர்கள் செழித்திருந்த ஆழமற்ற கடல்கள் வற்றின. பின்னர்ப் பனி உருகியபோது, உயிர்வளி குன்றிய நீர் பரவி எஞ்சியவற்றையும் வருத்தியது. நூற்றுக்கு எண்பத்தைந்து இனங்கள் மறைந்தன என்பது மதிப்பீடு.

இரண்டாவது, தெவோனிய ஊழியின் பிற்பகுதியில், 37.2 கோடி ஆண்டுகட்கு முன் நேர்ந்தது. இஃது ஒரே அடியில் வீழ்த்தியதன்று, அலையலையாக வந்தது. கடலில் உயிர்வளி குன்றியதும், பவளத்திட்டுகள் சிதைந்ததும் தெளிவு. கரணியம் பற்றி ஆய்வாளரிடையே ஒத்த கருத்தில்லை. அவர்களுள் ஒரு சாரார் கூறுவது எண்ணத்தக்கது. ஆழ வேரூன்றும் மரங்கள் அக்காலத்தில்தான் நிலத்தில் பரவின. வேர்கள் பாறையை நொறுக்கி உரச்சத்தைக் கடலுக்கு அனுப்பின. அச்சத்தை உண்டு பாசி பெருகி, மடிந்து, அழுகி, நீரின் உயிர்வளியை உறிஞ்சிற்று என்பர்.

நான்காவது, திரியாசிய ஊழியின் இறுதியில், 20.1 கோடி ஆண்டுகட்கு முன் நேர்ந்தது. அன்று ஒன்றாயிருந்த பெருநிலம் பிளந்து, அத்திலாந்திக் கடல் பிறக்கத் தொடங்கிய இடத்தில் எரிமலைக்குழம்பு பெருக்கெடுத்தது. அதன் எச்சம் இன்று வட அமெரிக்கா, தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா ஆகிய நான்கிலும் சிதறிக் கிடக்கின்றது. முதலைக் கால்வழியைச் சார்ந்த ஊர்வன பல வீழ்ந்தன. அவை விட்ட இடத்தில்தான் 'டைனோசர்' என மேலையர் பெயரிட்ட பெரும்பல்லிகள் ஓங்கின.

மூன்றாவதையும் ஐந்தாவதையும் விட்டுவிட்டேன் என நீங்கள் எண்ணக்கூடும். அவ்விரண்டையும் விரித்துரைக்க வேண்டியே ஒதுக்கிவைத்தேன்.

அழிவுகளுள் பேரழிவு

மூன்றாவது அழிவு பெர்மிய ஊழியின் இறுதியில், 25.2 கோடி ஆண்டுகட்கு முன் நேர்ந்தது. இதற்கு நிகரான அழிவை ஞாலம் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. கடலில் நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூற்றைந்து வரையான இனங்கள் மறைந்தன எனப் பலவாறு மதிப்பிடுவர். நிலத்தில் வாழ்ந்த முதுகெலும்புயிர்களுள் ஏறத்தாழ எழுபது விழுக்காடு அற்றன. உடல் மும்மடலாகப் பகுத்திருந்தமையால் 'திரிலோபைட்டு' எனப் பெயர்பெற்ற கடலுயிர்கள், இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தபின், இங்கே முற்றும் முடிந்தன.

கரணியம் சைபீரியாவில் உள்ளது. அங்கே நிலம் வெடித்துப் பல நூறாயிரம் ஆண்டுகள் எரிமலைக்குழம்பு வழிந்தோடியது. ஒரு மலைமுகட்டில் புகை கக்கும் எரிமலையை மனத்தில் கொள்ளாதீர்கள். நிலப்பரப்பே பிளந்து தீயாறாக ஓடிற்று. குழம்பின் வெம்மை மட்டும் உலகைக் கொல்லவில்லை. அக்குழம்பு மேலெழும் வழியில் நிலக்கரிப் படுகைகளையும் உப்புப் படுகைகளையும் ஊடுருவிச் சுட்டது. எரிந்த நிலக்கரியிலிருந்து கரிவளி, அளவின்றி வானில் கலந்தது. ஞாலம் வெம்மையுற்றது, வெப்ப நாட்டுக் கடல்களின் மேற்பரப்பு எட்டு முதல் பத்துச் செல்சியசு வரை சூடேறியது. சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். கரிவளி கரைந்த நீரோ காடித்தன்மை பெற்று, சுண்ணாம்பு ஓடு கட்டும் உயிர்களை நலியச் செய்யும். இவ்வாறு வெம்மை, மூச்சுத்திணறல், காடிநீர் என மும்முனையில் உயிர்கள் நெருக்குண்டன.

இவ்வழிவு எவ்வளவு காலத்தில் நேர்ந்தது? சீன நாட்டின் மெய்சான் என்னுமிடத்துப் பாறைகளை நுணுகி அளந்து 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்குள் என்று சொல்லிற்று. நமக்கு அது நெடுங்காலம்; ஞாலத்திற்கோ கண்ணிமைப்பொழுது. அதன்பின் ஒரு கோடி ஆண்டுகள் வரை உலகில் எங்கும் நிலக்கரி உருவானதாகத் தெரியவில்லை. நிலக்கரியாக மாறத்தக்க சதுப்புக்காடு அக்காலத்தில் இல்லை என்பதே அதன் பொருள்! பவளத்திட்டுகளும் நெடுங்காலம் எழவில்லை. கெடுத்தற்குச் சில பதினாயிரம் ஆண்டுகள். மீட்டற்கு ஒரு கோடி ஆண்டுகள். இக்கணக்கை நெஞ்சில் பொறித்துக்கொள்ளுங்கள்.

விரலளவு களிமண் சொன்ன செய்தி

ஐந்தாவது அழிவு 6.6 கோடி ஆண்டுகட்கு முன், கிரெட்டேசிய ஊழியின் இறுதியில் நேர்ந்தது. பெரும்பல்லிகளுள் பறவைக் கால்வழி ஒழிய ஏனையவெல்லாம் மாண்டது இதில்தான். நூற்றுக்கு எழுபத்தைந்து இனங்கள் மறைந்தன என்பர்.

இதன் கரணியம் வெளிப்பட்ட முறை, அறிவுத்தேட்டத்தின் அழகுக்கு நல்ல எடுத்துக்காட்டு. இத்தாலி நாட்டின் குப்பியோ என்னும் ஊருக்கருகில் சுண்ணாம்புப் பாறை அடுக்குகளின் நடுவே விரலளவேயான களிமண் படிவு ஒன்று உண்டு. அதன் கீழே கிரெட்டேசியக் கடலுயிர்கள். மேலே அவை இல்லை. இக்களிமண் படிய எவ்வளவு காலம் ஆயிற்று என்றறிய விரும்பினார் வால்ட்டர் ஆல்வாரெசு என்னும் நிலநூலறிஞர். அவர் தந்தை உலூயி ஆல்வாரெசு, 1968ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். இரீடியம் என்னும் அரிய மாழை நம் நிலத்தோட்டில் மிகமிகக் குறைவு. வான்வெளியிலிருந்து பொழியும் புழுதியிலோ அது மிகுதி. ஆகவே களிமண்ணிலுள்ள இரீடியத்தை அளந்தால் காலம் தெரியும் எனத் தந்தை வழிகூறினார். அசாரோ, எலன் மிச்சல் எனும் வேதியியலார் இருவரும் அளந்தனர். எதிர்பார்த்ததற்கு மாறாக, மற்ற அடுக்குகளைவிட முப்பது மடங்கு இரீடியம் அதில் இருந்தது! தென்மார்க்கு நாட்டுக் களிமண்ணிலோ நூற்றறுபது மடங்கு!

காலத்தை அளக்கப்போனவர்கள் கொலைகாரனின் கால்தடத்தைக் கண்டனர். ஏறத்தாழப் பத்துக் கி.மீ. குறுக்களவுள்ள விண்கல் ஒன்று ஞாலத்தில் மோதியது என்று 1980ஆம் ஆண்டு அந்நால்வரும் எழுதினர். "மோதிய குழி எங்கே?" என்று எள்ளினர் பலர். குழி, மெக்சிக்கோ நாட்டின் யூக்கட்டான் நிலமுனையில், கடலும் படிவுகளும் மூட மறைந்து கிடந்தது. 1978ஆம் ஆண்டு எண்ணெய் தேடிய பென்பீல்டு, கமார்கோ என்னும் இருவர் அவ்வட்டத்தைக் கண்டிருந்தனர். ஆயினும் 1991ஆம் ஆண்டில்தான் விண்கல் மோதிய குழி அதுவே என்று ஆய்வுலகம் உணர்ந்தது. சிக்சுலூபு எனப்படும் அக்குழியின் குறுக்களவு ஏறத்தாழ 180 கி.மீ. மோதிய இடத்துப் பாறையில் கந்தகம் மிகுதி. அது புகையாய்ப் பறந்து கதிரவனை மறைத்தது. ஒளியின்மையால் பசுமை பட்டது. பசுமையை உண்டவை மாண்டன. அவற்றை உண்டவையும் மாண்டன.

இங்கே நம் நிலத்துக்கும் ஒரு தொடர்புண்டு. அதே காலத்தையொட்டித் தெக்கணப் பீடநிலத்தில் எரிமலைக்குழம்பு பெருகிக்கொண்டிருந்தது. இன்று எஞ்சியிருப்பதே ஏறத்தாழ ஐந்து நூறாயிரம் சதுரக் கி.மீ. பரப்பு, சிலவிடங்களில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் தடிப்பு. விண்கல்லே தலைமைக் கரணியம் என்பார் மிகப்பலர்; தெக்கண எரிமலைக்கும் பங்குண்டு என்பாரும் உளர். அவ்வழக்கு இன்னும் முற்றும் முடியவில்லை.

நம் அரியலூர் வட்டாரமோ இவ்வூழியின் திறந்த ஏடு. அன்று அது கடல். அம்மோனைட்டு எனும் சுருளோட்டு உயிர்கள் அங்குக் கல்லாகித் திரண்டு கிடக்கின்றன. கல்லமேட்டுப் படுகையில் பெரும்பல்லிகளின் எலும்புகள் கிடைத்துள. அதன் மேலமைந்த நின்னியூர்ப் படுகையோ, அவை மறைந்தபின் படிந்தது. ஊழியொன்று முடிந்து ஊழியொன்று தொடங்கிய எல்லையை நம் உழவர் ஏரோட்டும் நிலத்தடியிலேயே காணலாம். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் பதினெட்டு மீட்டருக்கு மேல் நீண்ட கல்மரம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையோடு கிடக்கின்றது. 1940ஆம் ஆண்டு அதனை உலகுக்கு அறிவித்தவர் நிலநூலறிஞர் எம்.எசு. கிருட்டிணன்.

பிழைத்தவர் யார்?

வலியது வாழும் என்று பேசுவோர் இவ்வேட்டைப் படித்தல் நன்று. ஐந்தாம் அழிவில் மாமலை போன்ற பெரும்பல்லிகள் மாண்டன. எலியளவே இருந்த பாலூட்டிகள் பிழைத்தன. அவற்றின் கால்வழியே நாம். கடலை ஆண்ட அம்மோனைட்டுகள் அற்றன. அவற்றின் உறவான நாட்டிலசு இன்றும் உண்டு. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியன, நீர்மேல் மிதந்தன. நாட்டிலசு ஆழத்தில் பெருமுட்டை இடுவது. அதனால் மேல்நீர் நஞ்சானபோது அது தப்பியது என்பது ஒரு விளக்கம். நிலைமை திடுமென மாறும்போது, நேற்றைய வலிமை இன்று உதவாது. மாற்றத்தின் அளவைவிட விரைவே கொல்கின்றது. மெல்ல வரும் வெம்மைக்கு உயிர்கள் இடம்பெயர்ந்தோ இயல்புமாறியோ தப்பும். விரைந்து வரும் வெம்மைக்குத் தப்ப வழியில்லை.

ஆறாவது வந்துவிட்டதா?

இனி நம் காலம். மொரீசியசுத் தீவில் 1598ஆம் ஆண்டு ஆலந்தர் கால்வைத்தனர். நூறாண்டுக்குள் தோதோப் பறவை இல்லை. வடகடலில் 1741ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மாபெரும் கடற்பசு, 1768ஆம் ஆண்டளவில் வேட்டையாடப்பட்டே முடிந்தது, இருபத்தேழே ஆண்டு! வானை மறைத்துப் பறந்த அமெரிக்க வழிப்போக்குப் புறாக்களின் கடைசி ஒன்று, 1914ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஒரு விலங்குக் காட்சியகக் கூண்டில் இறந்தது. ஏறத்தாழப் பத்து நூறாயிரம் இனங்கள் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்கின்றன என்று 2019ஆம் ஆண்டு பன்னாட்டு அறிஞர் குழு எச்சரித்தது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து நூறாயிரத்தில் 280 பங்காயிருந்த கரிவளி, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. சைபீரிய எரிமலை நிலக்கரியை எரித்தது. நாமும் நிலக்கரியையே எரிக்கின்றோம். பல கணிப்புகளின்படி, ஆண்டுக்காண்டு நாம் வெளிவிடும் கரிவளி அவ்வெரிமலை வெளியிட்டதினும் விரைவானது.

எனினும் உண்மையை மிகைப்படுத்தல் கூடாது. பழைய ஐந்திலும் நூற்றுக்கு எழுபத்தைந்தும் அதன் மேலும் மறைந்தன. நாம் இன்னும் அவ்வெல்லைக்கு வந்துவிடவில்லை. அதுவே நமக்குள்ள வாய்ப்பு. விண்கல்லுக்குச் செவியில்லை, எரிமலைக்கு நெஞ்சில்லை. இம்முறை கரணியமாய் நிற்பவன் மாந்தன். அவனுக்குச் செவியும் உண்டு, நெஞ்சும் உண்டு.

நம் பழநூல்கள் 'பாறு' எனக் குறிக்கும் பிணந்தின்னிக் கழுகுகளைப் பாருங்கள். 1990களில் இந்தியாவில் அவை நூறு நூறாக மடிந்தன. ஓரினம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குறைந்தது. ஊழ் என்று விட்டிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். ஆய்ந்தனர், மாடுகளுக்கு இட்ட டைக்குளோபினாக்கு என்னும் வலிநீக்கி மருந்து, பிணத்தை உண்ட கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004ஆம் ஆண்டு காட்டினர். 2006ஆம் ஆண்டு கால்நடைக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. இன்றும் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு பறக்கின்றது. அழிந்த வடகடல் பெருங்கடற்பசுவின் நெருங்கிய உறவான ஆவுளியா நம் பாக்குக் கடலில் மேய்கின்றது. அதற்கெனத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு ஒரு காப்பிடம் அறிவித்தது. அறிந்தால் தடுக்கலாம் என்பதற்கு இவை சான்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், சிமெந்து எனப்படும் பைஞ்சுதைக்காக வெட்டப்படுகின்றது. வீடு கட்டக் கல் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆயின் கோடியாண்டு ஏடு சூளைக்குப் போகும்முன், அதைப் படித்துப் பாதுகாப்போர் வேண்டாவா? பனையேடுகள் கறையானுக்கும் ஆற்றுக்கும் இரையாயினவே என்று இன்றும் வருந்துகின்றோம். அதினும் பழைய கல்லேடு கண்முன்னே பொடியாகும்போது வாளா இருக்கலாமா? வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் சாத்தனூர்க் கல்மரத்துக்கும் உங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அக்கல்லின் கதையைத் தமிழில் சொல்லுங்கள். எச்சம் மிகுந்த இடங்களை வெட்டாது விடுமாறு அரசை வற்புறுத்துங்கள். வயலில் சுருட்கல் கிடைத்தால் எறியாது ஆசிரியரிடம் காட்டுமாறு சிறுவர்க்குக் கற்பியுங்கள்.

ஐந்து முறை ஞாலம் மீண்டது மெய். ஆனால் மறைந்த இனம் ஒன்றேனும் மீண்டதில்லை. மீட்சி என்பது வேறு உயிர்கட்கு. பல நூறாயிரம் தலைமுறை கடந்து வருவோர்க்கு. நமக்குரியது காத்தல் ஒன்றே. காப்போம்!